கொம்பில் கட்டும் பெயர்

மிச்சிகன்
அக்டோபர் 3, இரவு

அண்ணா,

இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதே. உன்னோடு வேலை பார்ப்பவர்களிடம்கூடக் காட்டாதே. படித்ததும் எரித்துவிடு. நான் எழுதினேன் என்று அப்பாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று உனக்கே தெரியும். உன் வில்லை வண்டியின் பின்கதவில் வைத்து இரண்டாக உடைத்தவர் அவர். தினமும் இரவு எட்டு மணிக்கு என் கைபேசியை வாங்கி ஒவ்வொன்றாகப் பார்க்கிறார். அதனால்தான் தாளில் எழுதுகிறேன். பதிலை என் தோழி டோரி வீட்டுக்குப் போடு. முகவரி உறையின் பின்னால் இருக்கிறது.

நவம்பர் நான்காம் தேதி அப்பா உங்கள் அயோவாவுக்கு வருகிறார். அவருடைய வேட்டைக் கூட்டாளி ரஸ் அங்கிளும் வழக்கம்போல வருகிறார். என்னையும் கூட்டி வருகிறார்கள்.

அங்கே ஒரு மான் அடிக்க அனுமதிக்கும் வேட்டைச் சீட்டு, குலுக்கலில் என் பெயருக்குத்தான் விழுந்திருக்கிறது. சீட்டுக்காக வருடாவருடம் பணம் கட்டிச் சேர்த்த அப்பாவின் புள்ளிகள் எல்லாம் இரண்டு வருடத்துக்கு முன்பு, நீயும் அவரும் போனபோதே தீர்ந்துவிட்டன அல்லவா? இனி அவர் வெளிமாநிலத்தார் வரிசையில் கடைசியில் போய் நிற்க வேண்டும். ஆனால் எனக்குப் பத்து வயதானதிலிருந்து வருடத்துக்கு ஒரு புள்ளி என் பெயரில் சேர்த்துக்கொண்டே வந்திருக்கிறார். எனக்கே தெரியாது. மற்ற வீடுகளில் பெண் குழந்தைக்கு என்னென்னவோ சேர்த்து வைப்பார்கள்.

சீட்டு தபாலில் வந்த அன்று என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டார். "உன் வேல என்ன தெரியுமா? பரண்ல சத்தம் காட்டாம உக்காரு. நான் அடிப்பேன். நீ கொம்பப் புடிச்சுக்கிட்டுச் சிரி. அவ்வளவுதான்" என்றார்.

ரஸ் அங்கிள் உடனே, "பள்ளிக்கூட போட்டோவுக்குச் சிரிக்கிற மாதிரி சிரிச்சுத் தொலைக்காத பாப்பா. மான் உன் மூஞ்சியப் பாத்துத்தான் செத்துச்சுன்னு நினைச்சுருவாங்க" என்றார். இருவரும் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள்.

உனக்கும் இதைத்தானே செய்தார்? வரவேற்பறைச் சுவரில் அந்தப் பத்துக் கிளைக் கொம்புத் தலை இருக்கிறது. அதன் கீழே பித்தளைத் தகட்டில் 'வெஸ்லி' என்று உன் பெயர். நீ ஒரு அம்புகூட விடவில்லை. ஒருவர் சீட்டை இன்னொருவர் அடித்த மானின் கொம்பில் கட்டுவது குற்றம். வேட்டைப் பாதுகாப்பு வகுப்பில் நான் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு வாங்கினேன், எனக்குத் தெரியும். அதிகாரி வந்து கேட்டால் நான் என்ன சொல்வேன்? பொய் சொன்னால் என் கழுத்து வரை சிவந்துவிடும்.

வீடு இப்போது எப்படி இருக்கிறது என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். மானுக்கு மனித வாடை தெரியக் கூடாதாம், அதனால் ஒரு மாதமாக யாரும் மணக்கும் சோப்புப் போடக் கூடாது. வெங்காயம் வதக்கக் கூடாது. பன்றிக்கறி பொரிக்கக் கூடாது. எங்கள் மூவரின் வேட்டை உடுப்பையும் ஓக் இலையோடு ஒரு பெட்டியில் போட்டு மூடி வைத்திருக்கிறார்கள். குளிர்பெட்டியில், தக்காளி சாஸுக்குப் பக்கத்தில், ஒரு புட்டியில் பெண்மான் மூத்திரம், ஆண்மானை இழுக்க. அப்பா குளியலறையில் நின்று ஆண்மான் மாதிரி உறுமிப் பழகுகிறார். நவம்பரில் இணை தேடும் ஆண்மானுக்குப் புத்தி மழுங்கிவிடுமாம், பட்டப்பகலில் மூக்கைத் தரையில் வைத்துக்கொண்டு ஓடுமாம். இந்த இரண்டு பேருக்கும் செப்டம்பரிலேயே மழுங்கிவிட்டது.

இன்னொன்று. இதற்காகத்தான் முதலில் எழுத உட்கார்ந்தேன். நீ கைபேசி வரைபடத்தில் வைக்கும் சிவப்புப் பொட்டுகள் எல்லாம் அப்பாவின் திரையில் தெரிகின்றன. அந்தச் செயலியில் நீ இன்னும் வீட்டுக்குப் பொதுவான கணக்கிலேயே இருக்கிறாய். நீ எந்தக் காட்டில் எந்த மரத்தில் பரண் கட்டினாய் என்று தினமும் பார்க்கிறார்.

நான் என்ன செய்வது, சொல்.

கென்னா


அயோவா
அக்டோபர் 8

கென்னா,

எரித்துவிட்டேன். போதுமா?

முதலில் நீ இந்தப் பாவப்பட்ட பெண் வேஷத்தைக் கலை. அந்தத் தலையைச் சுவரில் மாட்டிய அன்று கேக் வெட்டினார்கள். நீ இரண்டு துண்டு தின்றாய். "எங்க அண்ணன் அடிச்சது" என்று மறுநாள் பள்ளியில் போய்ச் சொன்னாய். தெரியாது என்று சொல்லாதே. அம்மாவுக்குத் தெரியும், ரஸ்ஸுக்குத் தெரியும், உனக்கும் தெரியும். அன்று எனக்காக யாரும் கழுத்து சிவக்கவில்லை.

பொட்டு விஷயம் உண்மைதான். பார்த்தேன். இந்த ஊரிலேயே பெரிய முட்டாள் நான்தான். வீட்டை விட்டு, மாநிலத்தை விட்டு ஓடி வந்தவன், கண்டுபிடித்ததையெல்லாம் நாள் தவறாமல் அவர் மேசையில் கொண்டுபோய் வைத்திருக்கிறேன். கணக்கை மாற்ற ஐந்து நிமிஷம் ஆகும். இரண்டு வருடமாக அந்த ஐந்து நிமிஷம் எனக்குக் கிடைக்கவில்லை.

ஆனால் என் நல்ல இடத்தை நான் வரைபடத்தில் வைக்கவே இல்லை. இரண்டு ஓடைகளுக்கு நடுவே ஒரு ஒடுங்கிய மேடு. அரசு நிலம்தான். யார் வேண்டுமானாலும் போகலாம், ஆனால் முக்கால் மணி நேரம் முள்ளில் நடக்க வேண்டும் என்பதால் எவனும் போவதில்லை. அங்கே ஒரு கிழட்டு ஆண்மான் இருக்கிறது. இரண்டு இலையுதிர்காலமாகப் பார்க்கிறேன். இன்னும் அம்பு தொடுக்கவில்லை.

இங்கே நவம்பர் பிறந்தால் வெளிமாநில வண்டிகள் வரிசையாக வந்து நிற்கும். நான் வேலை செய்யும் தானியக் கிடங்கில் மேஸ்திரி அவர்களைப் பார்த்ததும் சொல்வார்: "வந்துட்டானுங்க பாரு, சோப்புப் போடாத சாமியாருங்க." இந்த வருடம் அந்தச் சாமியார்களில் ஒருவர் என் அப்பா. நான் கிடங்கின் பின்பக்கமாகப் போய்விடுவேன்.

உன் பிரச்சினைக்கு என்ன பெரிய யோசனை வேண்டியிருக்கிறது? முடியாது என்று சொல். வாய் இருக்கிறதல்லவா?

வெஸ்


அக்டோபர் 13, இரவு

அண்ணா,

சொன்னேன்.

நேற்று இரவுச் சாப்பாட்டில், ரஸ் அங்கிளும் இருந்தபோதுதான் சொன்னேன். வேறு ஆள் இருந்தால் அப்பா கொஞ்சம் அடங்கியிருப்பார் என்று நினைத்தேன். என் புத்திசாலித்தனத்தைப் பார்.

"என்னால முடியாதுப்பா" என்றேன்.

"எது?"

"என் பேர்ல நீங்க அடிக்கிறது."

ரஸ் அங்கிளுக்குப் புரையேறிவிட்டது. "டேரல், உம் பொண்ணு வக்கீலுக்குப் படிக்கப் போறா போல. இப்பவே ஃபீஸ் எவ்வளவுன்னு கேட்டு வச்சுக்கோ."

அப்பா சிரிக்கவில்லை. முள்கரண்டியைத் தட்டின் ஓரமாக வைத்தார். "கென்னாங்கிற பேர யாரு வச்சது?"

"நீங்க."

"அப்ப அது யாரோடது?"

இப்போது, ஒரு நாள் முழுக்கக் கழிந்த பிறகு, ஒன்பது பதில் வருகிறது. அப்போது தட்டில் இருந்த உருளைக்கிழங்கையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாப்பிட்டு முடித்ததும் திருப்புளியோடு மாடிக்கு வந்தார். என் அறைக் கதவைக் கழற்றினார். அவசரப்படாமல், ஒவ்வொரு திருகாணியையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஏதோ பழுது பார்ப்பவர் மாதிரி கழற்றினார். "ரகசியமா யோசிக்கிற புள்ளைக்குக் கதவு எதுக்கு?" என்றார். கதவு இப்போது வண்டிக் கொட்டகையில், ஓக் இலைப் பெட்டிக்குப் பக்கத்தில் சாய்ந்திருக்கிறது. நான் உடை மாற்றக் குளியலறைக்குப் போகிறேன். இதைத் துணி அலமாரிக்குள் உட்கார்ந்து, கைவிளக்கை வாயில் கவ்விக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அதற்கும் ஒரு குத்தல் எழுதிவிடாதே.

அம்மா முதியோர் இல்லத்தில் இரவுப் பணி முடிந்து காலையில் வந்தாள். கதவு இல்லாததைப் பார்த்தாள். கோட்டைக்கூடக் கழற்றாமல், "ஒரு வாரந்தானேடி, அனுசரிச்சுப் போ. உங்கண்ணன் மாதிரி நீயும் ஆரம்பிச்சுராத" என்றாள். பிறகு தூங்கப் போய்விட்டாள்.

'வாய் இருக்கிறதல்லவா' என்று எழுதினாய். உனக்கும் இருந்தது. அதை வைத்து நீ என்ன செய்தாய்? சிரித்தாய். அந்தப் புகைப்படத்தில் உன் பல் எல்லாம் தெரிகிறது. அப்போது உனக்குப் பதினெட்டு வயது. எனக்கு இப்போதுதான் பதினைந்து. நானாவது சொல்லிப் பார்த்தேன்.

கேக் விஷயம் உண்மைதான். அதை நான் மறுக்கவில்லை.

கென்னா


அக்டோபர் 18

கென்னா,

கதவைக் கழற்றினாரா? அது புதிது. என் காலத்தில் பொருளை உடைப்பதோடு நிறுத்திக்கொள்வார்.

சரி. நான் யோசித்தேன். முடியாது என்று சொல்வதால் ஆகப் போவது ஒன்றுமில்லை. அவருக்கு மான் கிடைக்கக் கூடாது, அவ்வளவுதான். மான் இல்லை என்றால் சீட்டும் கட்ட வேண்டாம், பொய்யும் வேண்டாம். ஆறு நாள் பரணில் குளிரில் விறைத்துவிட்டு வெறுங்கையோடு ஊர் திரும்பட்டும். உன் சீட்டு பையிலேயே கிடந்து காலாவதியாகட்டும்.

ஆகவே நேற்றிலிருந்து நான் வேறு பொட்டுகள் வைக்கிறேன். ஆற்றோரத்தில் ஒரு வில்லோ சதுப்பு இருக்கிறது. முழங்கால் வரை சேறு. அக்கரையில் கல் குவாரி, காலை ஆறு மணிக்கே லாரிகள் உறும ஆரம்பித்துவிடும். அங்கே மான் என்ன, மூளையுள்ள ஒரு எலிகூட நிற்காது. அதில் பதினோரு பொட்டு வைத்திருக்கிறேன். 'தரையைச் சுரண்டிய தடம், மூன்று, புதுசு.' 'பெரிய ஆண்மான், காலை 8.10, பெண்மானைத் துரத்தியது.' 'வடமேற்குக் காற்று என்றால் இந்த மரம், தெற்கு என்றால் அந்த மரம்.' எழுத எழுத எனக்கே ஆசை வந்துவிட்டது, போய் உட்காரலாமா என்று.

பழைய பொட்டுகளையும் கொஞ்சம் கொஞ்சமாக அழித்துக்கொண்டு வருகிறேன். நான் அவற்றைக் கைவிட்டு இங்கே வந்துவிட்டேன் என்று அவர் நினைக்க வேண்டும்.

நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். அவர் தூண்டிலைக் கடிக்கிறாரா என்று பார்த்து எழுது. ரஸ்ஸிடம் என்ன சொல்கிறார், எந்தப் பொட்டைப் பெரிதாக்கிப் பார்க்கிறார், எல்லாம் எழுது. ஆறு நாள் நீயும் அந்தச் சேற்றில் உட்கார வேண்டியிருக்கும். கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி எடுத்து வை.

வெஸ்


அக்டோபர் 23, இரவு

அண்ணா,

விழுங்கிவிட்டார். தூண்டில், நூல், கம்பு எல்லாவற்றையும் சேர்த்து.

இப்போது மேசையில் தட்டு வைக்க இடமில்லை. உன் சதுப்பைப் பெரிய தாளில் அச்செடுத்து ஒட்டியிருக்கிறார்கள். காற்றுக்கு நீல அம்புக்குறி, மானுக்குச் சிவப்பு அம்புக்குறி. ரஸ் அங்கிள் சேற்றில் இறங்க இடுப்பு வரை வரும் ரப்பர் காலணி வாங்கி, அதைப் போட்டுக்கொண்டு எங்கள் வீட்டுக்குள் நடந்து காட்டினார். வாத்து மாதிரி இருந்தது. "எப்படி?" என்று என்னைக் கேட்டார். நன்றாக இருக்கிறது என்றேன். நானும் பொய் சொல்லப் பழகிவிட்டேன்.

இதைக் கேள், உனக்குச் சிரிப்பு வரும். நேற்று அப்பா உன் காற்றுக் குறிப்பைப் படித்துவிட்டு, "ரஸ், இங்க பார்றா. காத்து மாறுனா எந்த மரத்துக்கு மாறணும்னு வரைக்கும் எழுதி வச்சிருக்கான். இருபது வயசுல எனக்கு இவ்வளவு தெரியாது" என்றார்.

ரஸ் அங்கிள், "பய தேறிட்டான்னு சொல்லு" என்றார்.

"தேறாம? எவன்கிட்ட கத்துக்கிட்டான்? என் பரண்ல உக்காந்து கத்துக்கிட்டதுதானே. அங்க போயி நம்ம பேரக் காப்பாத்திட்டான் கழுதை."

பார்த்தாயா? உன் பொய்க்குக்கூடப் பாராட்டு அவருக்கே போய்ச் சேருகிறது. பதினோரு பொட்டும் புளுகு, அதற்கு இவர் வாத்தியார்! நான் கொட்டாவி விடுவது போல வாயை மூடிக்கொண்டு சிரித்தேன். இந்த வீட்டில் நான் சிரித்து எத்தனை நாளாயிற்று.

பயம் மட்டும் போகவில்லை. மாடிப்படியில் காலடி கேட்டால் இன்னும் கைவிளக்கை அணைத்துவிடுகிறேன். ஆனால் மான் வராது என்று நினைத்துக்கொள்வேன். மான் வராது, மான் வராது. அப்படியே தூங்கிவிடுகிறேன்.

காலுறை எடுத்து வைத்துவிட்டேன்.

கென்னா


அக்டோபர் 28

கென்னா,

அவர் அப்படியேதான் சொன்னாரா? 'இருபது வயசுல எனக்கு இவ்வளவு தெரியாது' என்று? நீ சேர்த்து எழுதவில்லையே? என் பெயரைச் சொன்னாரா, வெறுமனே 'அவன்' என்றாரா?

நான் இரண்டு நாளாகச் சரியாகத் தூங்கவில்லை. கோபப்படாமல் படி.

அவர் ஆறு நாள் அந்தச் சதுப்பில் உட்கார்ந்தால் என்ன நினைப்பார்? முதல் நாள் காலையில் குவாரி லாரிச் சத்தம் கேட்டதுமே தெரிந்துவிடும். மகன் ஒரு மடையன், இரண்டு வருடமாக அயோவாவில் இருந்துகொண்டு கல் குவாரி வாசலில் மான் தேடுகிறான் என்று ரஸ்ஸிடம் சொல்லிச் சிரிப்பார். ஊர் முழுக்கச் சொல்வார். நான் வேண்டுமென்றே செய்தேன் என்று அவருக்குத் தோன்றவே தோன்றாது. எனக்கு ஒன்றும் தெரியாது என்றுதான் தோன்றும்.

ஆகவே சதுப்பில் இருந்ததையெல்லாம் அழித்துவிட்டேன். மேட்டை வைத்துவிட்டேன். இரண்டு ஓடைக்கு நடுவில் இருக்கும் அந்த மேடு. எந்த மரம், எந்தக் கிளை, இருட்டில் எந்த வழியாக ஏறுவது, எல்லாம் சரியாக எழுதியிருக்கிறேன். நவம்பர் முதல் வாரத்தில் அந்தக் கிழட்டு ஆண்மான் அங்கே பகலிலேயே நடக்கும். மூன்று நாளில் அவர் முன்னால் வந்து நிற்கும். அப்போது தெரியும் அவருக்கு.

உன் பங்கு ஐந்து நிமிஷம். கொம்பைப் பிடி, சிரி, கையெழுத்துப் போடு. அங்கே அதிகாரி வருவதே அபூர்வம். நானும் சிரித்தேன், செத்தா போனேன்? இரண்டு வாரத்தில் மறந்துவிடுவாய். அடுத்த வருடம் நீ இங்கே வா, உனக்கு உண்மையாகவே ஒரு மான் காட்டுகிறேன்.

இழுத்து வர ஆள் தேவைப்படும். நான் வண்டியோடு அந்தப் பக்கம் தற்செயலாக வருவது போல வரலாமா என்று பார்க்கிறேன். அவரிடம் இப்போது எதுவும் சொல்லாதே.

வெஸ்


நவம்பர் 3, இரவு

வெஸ்லி,

உன் கடிதம் நேற்று முன்தினம் வந்தது. டோரி வீட்டுக் குளியலறையில் உட்கார்ந்து படித்தேன். டோரி வெளியே நின்று, "என்னடி, வாந்தியா?" என்று கேட்டாள். கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தது.

ஆம், அப்படியேதான் சொன்னார். உன் பெயரைச் சொல்லவில்லை. 'கழுதை' என்றார். ஒரு கழுதைக்காக என்னை விற்றாய். அதை நான் உனக்குச் சிரிக்க எழுதினேன். நீ அதை நெஞ்சில் ஒட்டிக்கொண்டாய். அப்பா திருடியவர், சரி, அவர் திருட்டை ஒளிக்கவும் இல்லை. உன்னிடமிருந்து எதை எடுத்தாரோ அதையே நீ ரிப்பன் கட்டி என் கையிலிருந்து எடுத்துக் கொடுக்கிறாய். 'செத்தா போனேன்' என்று கேட்டாயே. நீ பின்னே ஏன் மாநிலத்தை விட்டு ஓடினாய்?

நீ வைத்த மேட்டை அவர் அதற்குள் பார்த்துவிட்டிருக்கிறார்; கடிதம் வந்த அன்று மாலை, "இதப் பார்றா, கடைசி வரைக்கும் ஒளிச்சு வச்சிருந்திருக்கான் திருட்டுப் பய" என்று ரஸ் அங்கிளின் முதுகில் அறைந்தார். உன் பெயரை அப்போதும் சொல்லவில்லை.

நேற்று மதிய இடைவேளையில் பள்ளி நூலகத்துத் தொலைபேசியில் அயோவா வேட்டை அதிகாரிகளைக் கூப்பிட்டேன். முதல் தடவை மணி அடித்ததும் வைத்துவிட்டேன். இரண்டாம் தடவை ஒரு பெண் எடுத்தாள்.

"எத்தன வயசும்மா உனக்கு?"

"பதினஞ்சு."

"பக்கத்துல பெரியவங்க யாராச்சும் இருக்காங்களா?"

"நூலகர் இருக்காங்க. புத்தகம் அடுக்கறாங்க."

"சரி, மெதுவாச் சொல்லு. நான் எங்கயும் போகல."

சொன்னேன். என் பெயர், சீட்டு எண், எந்தக் காடு, எந்தத் தேதி, யார் வில், யார் சிரிப்பு. பேசப் பேசத் தொலைபேசி கையில் நழுவிக்கொண்டே இருந்தது, அவ்வளவு வியர்வை. அவள் நடுவில் குறுக்கிடவே இல்லை. எல்லாம் முடிந்ததும் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"இதுக்கு முன்னாடி இப்படி நடந்திருக்காம்மா?"

அப்போது உன்னை நினைத்துப் பார்த்தேன். நீ என்னை நினைத்துப் பார்த்த அளவுக்கு.

"ஒரு தடவ. எங்க அண்ணன் சீட்டுல. தல எங்க வீட்டு வரவேற்பறைலதான் இருக்கு, அவன் பேரோட" என்றேன்.

அவள் எழுதுவது கேட்டது. உன் பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொன்னாள். சொன்னேன். நீ எந்த ஊர்த் தானியக் கிடங்கில் இருக்கிறாய் என்றும் கேட்டாள். அதையும் சொன்னேன். மிச்சிகன் அதிகாரிகளிடம் பேசுவதாகவும், இவர்கள் கிளம்புவதற்கு முன் யாராவது வீட்டுக்கு வருவார்கள் என்றும் சொன்னாள். நாளை விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்புகிறார்கள் என்றேன். என்னைத் தைரியசாலி என்றாள். நான் தைரியசாலி இல்லை. வகுப்புக்குப் போகாமல் கழிப்பறையில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

இன்று முழுவதும் யாரும் வரவில்லை. பள்ளி விட்டு வந்ததிலிருந்து சன்னலையே பார்க்கிறேன். தபால் வண்டி வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் இலை பெருக்கினார். அவ்வளவுதான். பதினைந்து வயதுப் பெண் எதையோ உளறினாள் என்று தாளைக் கசக்கிப் போட்டிருப்பார்கள். அப்படியானால் நாளை நான் வண்டியில் உட்கார வேண்டும். பன்னிரண்டு மணி நேரம், நடுவில், இரண்டு பேரின் சோப்புப் போடாத உடம்புக்கும் இடையில். அதன்பிறகு உன் மேடு.

அங்கே நீ தற்செயலாக வருவது போல வந்தால் என் பக்கம் திரும்பாதே. மானை இழுத்துக்கொண்டு போ. நான் சிரிக்கப் போவதில்லை. அதிகாரி வந்தாலும் வராவிட்டாலும் சீட்டில் கையெழுத்துப் போடப் போவதில்லை. அப்பா என்ன செய்வார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் இது நான் முடிவு செய்துவிட்ட விஷயம். உன்னிடம் யோசனை கேட்க எழுதவில்லை. உன் பெயரையும் சொல்லிவிட்டேன் என்று உனக்கு யாராவது சொல்வதற்கு முன் நானே சொல்ல வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். அந்த அளவு மரியாதைகூட நீ எனக்குக் காட்டியிருக்க மாட்டாய்.

கீழே கூலரில் பனிக்கட்டி கொட்டும் சத்தம் கேட்கிறது. அப்பா விசிலடிக்கிறார். அம்மா வேலைக்குப் போய்விட்டாள். ரஸ் அங்கிள் ஒன்பது மணிக்கு வந்து இங்கேயே படுத்துக்கொள்வதாக ஏற்பாடு. இப்போது மணி எட்டே முக்கால். இந்தக் கடிதத்தை நாளை எந்த ஊரில் வண்டி நின்றாலும் அங்கே

யாரோ வாசல் கதவைத் தட்டுகிறார்கள். அப்பா அடுக்களையிலிருந்தே கத்துகிறார். "தொறந்துதாண்டா கெடக்கு ரஸ்! என்ன புது மாப்பிள்ள மாதிரி தட்டிக்கிட்டு நிக்கிற? உள்ள வா!"

மறுபடியும் தட்டுகிறார்கள்.